ஒரே குளத்தை நால்வர் ஆராயும் வகுப்பறை

மாசாய், பாசீர் கூடாங் வட்டாரத்தில் வாழும் நம் மக்களுக்கு 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அம்மாதம் 7-ஆம் தேதி, சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சு வாயு எழுந்தது. அது ஆற்றை அடுத்திருந்த பாசீர் பூத்தே பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை முதலில் தாக்கியது. பிள்ளைகள் மூச்சுத் திணறினர், மயங்கினர், வாந்தியெடுத்தனர். நிலைமை தணிந்துவிட்டது என்று பெற்றோர் சற்றே ஆறுதல் அடைந்த வேளையில், 11-ஆம் தேதி மீண்டும் பலர் பாதிக்கப்பட்டனர். 13-ஆம் தேதி இவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவியை நாட நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியைப் பற்றிச் சிந்திக்கும் எந்தப் பிள்ளைக்கும் சில கேள்விகள் எழுவது இயல்பு. ஆற்றில் கொட்டியது பள்ளிக்கூடத்துக் காற்றில் எப்படிக் கலந்தது? முதல் நாள் அடங்கிய வாயு நான்கு நாள் கழித்து மறுபடியும் ஏன் பரவியது? மேட்டில் இருந்தவனுக்கு ஒன்றும் ஆகாமல் பள்ளத்தில் இருந்தவன் மயங்கியது ஏன்? இக்கேள்விகள் ஒவ்வொன்றும் நல்ல கேள்வியே. ஆயினும், பாடநூலின் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டினால் இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது. நீரைப் பற்றிய அறிவு, வெப்பத்தைப் பற்றிய அறிவு, காற்றின் போக்கைப் பற்றிய அறிவு, உடலைப் பற்றிய அறிவு ஆகிய நான்கும் ஒன்று கூடினாலன்றி விடை பிறக்காது.

இத்தகைய பாடத்தை ஆசிரியர் எவ்வாறு நடத்துவது? நஞ்சு கலந்த ஆற்றங்கரைக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல இயலாது. கரும்பலகையில் படம் வரைந்து காட்டினால், பிள்ளைகள் அதனைப் பார்த்து எழுதிக்கொள்வர். தாமே ஆராய்ந்து கண்டறியமாட்டார்கள். இந்தச் சிக்கலுக்குக் கல்வியாளர்கள் கண்ட வழிகளுள் ஒன்றே கூட்டு மெய்நிகர்க் களம் என்பது. அது யாது, எவ்வாறு இயங்குகிறது, நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு அதனால் விளையக்கூடிய நன்மை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கூட்டு மெய்நிகர்க் களம் என்றால் என்ன?

நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அது பல்லாண்டு காலம் அரிய தொண்டு புரிந்தது. ஆனால் தொலைக்காட்சியில் ஒருவர் பேசுவார். மற்றவர் அனைவரும் பார்ப்பர். பார்க்கின்ற மாணவன் எழுந்து, "அந்தக் கல்லைப் புரட்டிக் காட்டுங்கள்" என்று கேட்க முடியாது. கேட்டாலும் கல் புரளாது.

மெய்நிகர்க் களம் அவ்வாறானதன்று. கணினியின் திரைக்குள் ஓர் இடம் அமைக்கப்படுகிறது. அஃது ஒரு குளமாக இருக்கலாம். ஒரு பழைய ஊராக இருக்கலாம். ஒரு தோட்டமாகவும் இருக்கலாம். மாணவன் ஒவ்வொருவனுக்கும் அதற்குள் ஓர் உருவம் உண்டு. அந்த உருவத்தை அவன் தன் விருப்பப்படி நடக்க வைக்கலாம், குனிந்து நீரை அள்ள வைக்கலாம், கல்லைப் புரட்ட வைக்கலாம். அதே நேரத்தில் அவனுடைய தோழர்களும் தத்தம் கணினி வழியே அதே இடத்திற்குள் நுழைந்திருப்பர். ஒருவன் நட்ட செடி மற்றவர் கண்ணுக்கும் தெரியும்; ஒருத்தி எழுதி வைத்த குறிப்பை மற்றவரும் படிக்கலாம். இடம் பொய், அதில் நடக்கும் உரையாடலும் உழைப்பும் மெய். இதனாலேயே இதனைக் கூட்டுக் களம் என்கிறோம்.

இது இயங்கும் முறையைத் தோட்ட வழக்கிலேயே விளக்கலாம். தோட்டத்தில் ஆயிரம் மரங்களில் பல பேர் பல திக்கில் வேலை செய்கின்றனர். ஆயினும் யார் வந்தார், எவ்வளவு வேலை முடிந்தது என்னும் கணக்கு அலுவலகத்துச் செக்ரோல் புத்தகம் ஒன்றில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் பதிந்ததே அனைவருக்கும் பொதுவான உண்மை. அதுபோலவே, மெய்நிகர்க் களத்திற்கும் ஒரு மையக் கணினி உண்டு. குளத்தில் நீர் எவ்வளவு, எந்தச் செடி எங்கே நிற்கிறது, எந்த மாணவன் எவ்விடத்தில் இருக்கிறான் என்னும் கணக்கு முழுவதும் அதனிடமே இருக்கும். மாணவன் தன் கணினியில் ஒன்றைச் செய்தவுடன் அச்செய்தி இணையத்தின் வழியே மையக் கணினியை அடைகிறது. அது தன் கணக்கைத் திருத்திக்கொண்டு மற்றவர் அனைவருக்கும் அறிவிக்கிறது. இவை யாவும் நொடிப்பொழுதில் நிகழ வேண்டும். இணைய இணைப்பு நலிந்திருந்தால் ஒருவன் கண்ட குளமும் மற்றவன் கண்ட குளமும் வேறு வேறாகிவிடும். நல்ல இணைப்பு இதற்கு இன்றியமையாதது என்பதன் காரணம் இதுவே.

சிகாகோவில் முளைத்த தோட்டம்

அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள இலினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், சிறுவர்களுக்கென இத்தகைய களம் ஒன்றை உருவாக்கினர். சுவர்களிலும் தரையிலும் படம் விழும் அறை ஒன்றினுள் சிறுவர்கள் நின்றனர். அவர்களைச் சுற்றி ஒரு தீவு தோன்றியது. அத்தீவில் அவர்கள் விதை ஊன்றலாம். மேகத்தை இழுத்து வந்து மழை பெய்விக்கலாம். வெயிலைக் கூட்டிக் குறைக்கலாம். செடிகளை நெருக்கி நட்டால் அவை ஒன்றையொன்று நலிவிக்கும். களை மண்டினால் பயிர் வாடும். வேறோர் இடத்திலுள்ள சிறுவர்களும் இணைய வழி அதே தோட்டத்திற்குள் வந்து உடன் உழைக்க முடிந்தது.

தோட்டத் தொழிலை அறிந்த நமக்கு இது வியப்பான பாடமன்று. ரப்பர்க் கன்றுக்கும் செம்பனைக் கன்றுக்கும் எத்தனை அடி இடைவெளி வேண்டும் என்பது நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்த செய்தி. ஆனால் அதனைக் கண்டறிய அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மெய்நிகர்த் தோட்டத்திலோ பல மாதங்களின் வளர்ச்சியைச் சில நிமிடங்களில் காணலாம். தவறாக நட்டுப் பார்த்து, அது கெட்டுப்போவதைக் கண்டு, மீண்டும் திருத்தி நடலாம். தவறு செய்து கற்பதற்கு இடங்கொடுப்பதே இக்களத்தின் முதற்பெரும் நன்மையாகும்.

நோய் புகுந்த ஆற்றூர்

அதன் பின்னர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ் டீட் என்பாரும் அவர்தம் குழுவினரும், 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், 'ரிவர் சிட்டி' என்னும் மெய்நிகர் ஊரை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்து ஊர் அது. நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. ஊர் மக்கள் பலர் நோயுற்றிருக்கின்றனர். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மாணவர்கள் சிறு சிறு குழுக்களாக அவ்வூருக்குள் நுழைந்து அதனைக் கண்டறிய வேண்டும்.

அவர்கள் தெருவில் எதிர்ப்படுவோரிடம் பேசுகின்றனர். மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்க்கின்றனர். ஆற்றின் பல இடங்களில் நீரெடுத்து நுண்ணோக்கியில் வைத்து ஆராய்கின்றனர். சதுப்பு நிலத்தில் கொசுக்களைப் பிடித்து எண்ணுகின்றனர். ஊரில் ஒரு நோயன்று, பல நோய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று நீரால் பரவுவது. மற்றொன்று கொசுவால் பரவுவது. இன்னொன்று ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது. ஒரே ஒரு காரணத்தைத் தேடுகிறவன் குழம்பிப் போவான். பருவங்கள் மாற மாற நோயின் அளவும் மாறுவதை மாணவர்கள் குறித்துக்கொள்கின்றனர். பின்னர்த் தாம் கருதும் காரணம் ஒன்றை முன்வைத்து, அதனை மட்டும் மாற்றி அமைத்த ஊரையும் மாற்றாத ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். முடிவில், தம் ஆய்வின் பயனை ஊர்த்தலைவருக்குக் கடிதமாக எழுதுகின்றனர்.

இதனைப் படிக்கும்போது நம் நாட்டு வரலாறு ஒன்று நினைவுக்கு வராமற் போகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாக் காய்ச்சல் தோட்ட மக்களை வாரிக்கொண்டு போயிற்று. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மல்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசு பெருகும் இடத்தை ஒழித்தால் காய்ச்சல் குறையும் என்பதைச் செயலில் காட்டினார். அவர் செய்ததும், ஆற்றூரில் மாணவர்கள் செய்வதும் ஒரே வகை ஆய்வுதான். எங்கே நோய் மிகுதி, எங்கே குறைவு, இரண்டு இடங்களுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று கேட்பதே அவ்வாய்வின் உயிர்நிலை.

மீன்கள் செத்து மிதந்த குளம்

ஹார்வர்டு குழுவினர் பின்னாளில் உருவாக்கிய 'இக்கோமூவ்' என்னும் களம், நம் தோட்ட வாழ்வுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் ஒரு குளம் வருகிறது. மாணவர்கள் குளக்கரையில் உலவி, தவளை, மீன், பறவை, பாசி ஆகியவற்றைக் கண்டு குறித்துக்கொள்கின்றனர். அவர்கள் நாட்காட்டியில் முன்னும் பின்னும் சென்று வெவ்வேறு நாட்களில் குளம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். அவ்வாறு செல்லும்போது, கோடையின் ஒரு நாளில் பெரிய மீன்கள் யாவும் செத்துக் கிடப்பதைக் காண்கின்றனர். யார் கொன்றார்? எது கொன்றது?

இங்கேதான் கூட்டு முயற்சியின் தேவை எழுகிறது. நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் நான்கு வேலைகள் பங்கிடப்படுகின்றன. ஒருவர் உயிரினங்களைக் கணக்கெடுப்பார். ஒருவர் நுண்ணுயிர்களை ஆராய்வார். ஒருவர் நீரின் வேதியியலை அளப்பார். அதாவது, நீரில் கரைந்துள்ள பிராணவாயு, நைட்ரேட், பாஸ்பேட், வெப்பம் ஆகியவற்றைக் குறிப்பார். மற்றொருவர் துப்பறிவாளரைப் போல ஊராரிடம் விசாரித்துச் செய்தி திரட்டுவார். ஒருவரிடமுள்ள செய்தி மற்றவரிடம் இராது. நால்வரும் தத்தம் செய்தியை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தாலன்றி உண்மை துலங்காது.

அவர்கள் கண்டறியும் உண்மை யாதெனில்: அருகிலுள்ள நிலத்தில் இட்ட உரம், பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டுக் குளத்தில் சேர்ந்தது. உரத்திலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உணவாயின. பாசி பெருகிக் குளம் பச்சை நிறமாயிற்று. பின்னர்ப் பாசி மடிந்தது. மடிந்த பாசியைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகின. அவை நீரில் கரைந்திருந்த பிராணவாயுவை உறிஞ்சிக்கொண்டன. காற்று வீசாத, மேகம் மூடிய, வெப்பம் மிகுந்த நாட்களில் குளத்திற்குப் புதிய பிராணவாயு கிடைக்கவில்லை. மிகுதியாகப் பிராணவாயு தேவைப்படும் பெரிய மீன்கள் முதலில் மாண்டன. எவரும் நஞ்சிடவில்லை, ஆயினும் மீன்கள் மடிந்தன. செயலுக்கும் விளைவுக்கும் இடையே பல வாரங்களும் பல படிகளும் இருந்தன.

செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் பணியைச் செய்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பெருமழைக்கு முன் உரம் இடலாகாது என்பதும், ஆற்றோரம் மரங்களையும் புல்லையும் அழிக்காமல் ஒரு பட்டை நிலத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதும் ஏட்டுச் சட்டங்கள் மட்டுமல்ல. அவை உரத்திற்குச் செலவிட்ட பணத்தையும் காக்கின்றன. ஆற்று மீனையும் காக்கின்றன. இப்பாடத்தைக் கற்ற மகனோ மகளோ வீட்டுக்கு வந்து தந்தையிடம் கேள்வி கேட்கும்போது, தந்தையின் அனுபவமும் பிள்ளையின் படிப்பும் ஒன்றையொன்று சந்திக்கும். கல்வியின் நோக்கம் அதுவன்றோ?

கூடிக் கற்பது ஏன்?

நான்கு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டால் அது கூட்டுக் கற்றல் ஆகிவிடாது. ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை இது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுதும். மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பர். மதிப்பெண் மட்டும் நால்வருக்கும் கிடைக்கும்.

இதற்கு மாற்று ஒன்றை உளவியல் அறிஞர் எலியட் ஆரன்சன் என்பார் 1971-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வகுத்தார். அந்நாளில் அந்நகரப் பள்ளிகளில் வெள்ளையரும் கறுப்பரும் மெக்சிக்க வழியினரும் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். அதனால் பிணக்குகள் எழுந்தன. ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டை மட்டும் கொடுத்தார். பாடம் முழுவதையும் அறிய வேண்டுமானால், இதுவரை ஏளனம் செய்த தோழன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆகவேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. குளத்துப் பாடத்தில் நால்வருக்கு நான்கு வேலைகள் என்று வைத்ததும் இதே கருத்தின் வழிவந்ததே.

வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் உண்டு. கூச்சம் ஒரு காரணம். 'நமக்கென்ன தெரியும்' என்னும் எண்ணம் மற்றொரு காரணம். நீரின் பிராணவாயு அளவு தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று உணரும் பிள்ளை பேசாமல் இருக்க முடியாது. அந்தப் பிள்ளையின் சொல்லுக்கு அன்று மதிப்பு உண்டு.

நம் நாட்டில் நடந்தது என்ன?

நம் நாடு இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. 1996-ஆம் ஆண்டில் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் ஓர் அங்கமாக வகுக்கப்பட்ட பெஸ்தாரிப் பள்ளித் திட்டம் 1999-ஆம் ஆண்டு முதல் 2002 வரை சோதனை முறையில் நடத்தப்பட்டது. சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகள் 88. பின்னர், 2012-ஆம் ஆண்டு தொடங்கி, நாடெங்கும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் 'ஃப்ரோக்' என்னும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்கும் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது முப்பரிமாண உலகமன்று; ஆசிரியரும் மாணவரும் பாடங்களையும் கருத்துகளையும் பகிர்ந்துகொள்ளும் பொது இடம் எனலாம். அத்தளத்தை உண்மையில் பயன்படுத்தியோர் மிகக் குறைவு என்பதைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-ஆம் ஆண்டின் நடுவில் அத்திட்டம் முடிவுற்றது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கல்வியமைச்சு 'டெலிமா' என்னும் புதிய தளத்தைத் தொடக்கி வைத்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம் தெளிவானது. கம்பியும் கருவியும் பள்ளிக்கு வந்துவிடுவதாலேயே கல்வி வந்துவிடாது. ஆசிரியருக்குப் பயிற்சியும், பாட நேரத்தில் இடமும், அதனைக் கொண்டு செய்வதற்குப் பொருளுள்ள வேலையும் இருந்தாலன்றி, எத்தகைய தளமும் பூட்டிய அறையாகவே கிடக்கும்.

மற்றொரு பாடத்தை 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று புகட்டியது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தவுடன் பள்ளிகள் அடைக்கப்பட்டு, கல்வி இல்லங்களுக்கு மாறியது. அவ்வாண்டில் கல்வியமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகை மின்னியல் சாதனமும் இல்லை என்பது தெரியவந்தது. அப்பா வேலைக்குக் கொண்டு சென்ற திறன்பேசி மாலையில் வீடு திரும்பும் வரை மூன்று பிள்ளைகள் காத்திருந்த குடும்பங்களை நாம் அறிவோம். இக்குறையைப் போக்கும் பொருட்டு, 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கூட்டுக் களத்தின் வாயில் ஒரு கருவியாக இருக்குமானால், அக்கருவி இல்லாத பிள்ளை வாயிலுக்கு வெளியே நிற்கும். இதனை மறந்து இப்பொருளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

சிறிய பள்ளிகளுக்கு ஒரு துணை

ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வாறு தோன்றியவையே. காலம் மாறிற்று. மாசாய் போன்ற இடங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பள்ளிகளும் மாணவர் எண்ணிக்கையில் பெருகின. ஆனால் உட்பகுதித் தோட்டங்களில் மக்கள் வெளியேறிவிட்டமையால், பள்ளியில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே எஞ்சியுள்ளனர். 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மூன்றே மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஆசிரியரின் கவனம் மிகுதியாகக் கிடைக்கும், அது நன்மையே. ஆனால் மாற்றுக் கருத்துச் சொல்லும் தோழர்கள் கிடைக்கமாட்டார்கள். அம்மூவரும் மாசாயிலுள்ள வகுப்பு மாணவர்களோடு ஒரே மெய்நிகர்க் குளத்தில் சந்தித்து ஆராய்வார்களானால், சிறிய பள்ளியின் குறை பெரிதும் நீங்கும். நகரத்துப் பிள்ளைக்கும் இதனால் ஆதாயம் உண்டு. செம்பனைக்கு உரம் எப்போது இடுவார்கள் என்று தோட்டத்துப் பிள்ளையைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியவை

புதுமை எதுவும் முதற் சில நாட்களுக்கு இனிக்கும். பின்னர் அது பழகிப்போகும். ஆகவே, முதல் வாரத்தில் பிள்ளைகள் காட்டும் ஆர்வத்தைக் கொண்டு அவர்கள் கற்றுவிட்டனர் என்று முடிவு செய்தலாகாது. திரைக்குள் ஓடியாடுவதே வேலையாகிப் பாடம் மறந்துபோவதும் உண்டு. ஆசிரியர் இடையிடையே திரையை நிறுத்தி, "இதுவரை என்ன கண்டீர்கள்? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பாரானால் விளையாட்டு ஆய்வாக மாறும்.

மேலும், மெய்நிகர்க் குளம் மெய்க் குளத்திற்கு ஈடாகாது. அதை அமைத்தவர் வைத்த காரணங்கள் மட்டுமே அதில் உண்டு. மெய்யான ஆற்றில், எவரும் எதிர்பாராத காரணங்கள் மறைந்திருக்கும். சேற்றின் மணமும் நீரின் குளிர்ச்சியும் திரையில் வாரா. ஆகவே மெய்நிகர்க் களத்தில் பயின்ற பிள்ளை, பின்னர் ஆசிரியரின் துணையோடு உண்மையான ஓடைக்கரையில் நின்று உற்றுநோக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு முன்னோடியாக அமைவதே முறை.

ஒரே கணினி உள்ள பள்ளியில் என்ன செய்யலாம்?

விலையுயர்ந்த கருவிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளியில் ஒரு கணினியும் ஓர் ஒளிபடக் கருவியும் இருந்தாலே தொடங்கிவிடலாம். வகுப்பை நால்வர் நால்வராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆற்றின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மழையளவும் வெப்பமும் முதலாமவரிடம். காற்றின் திசை இரண்டாமவரிடம். ஆற்று நீரின் நிறமும் மணமும் பற்றிய குறிப்புகள் மூன்றாமவரிடம். எந்த வீட்டில் யார் எப்போது நோயுற்றார் என்னும் செய்தி நான்காமவரிடம். ஒவ்வொருவரும் தம் அட்டையைப் பிறருக்குக் காட்டாமல் வாய்மொழியாகவே விளக்க வேண்டும். குழுவினர் சேர்ந்து ஒரு வரைபடம் தயாரித்து, அதனைப் பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டும். மற்றக் குழுக்கள் அதனைப் பார்த்துக் கேள்வி எழுதட்டும். வேறொரு பள்ளியும் அதே தளத்தில் இணையுமானால் இன்னும் சிறப்பு.

சுங்கை கிம் கிம் நிகழ்ச்சியையே இவ்வாறு பாடமாக்கலாம். ஆற்றில் எஞ்சியிருந்த இரசாயனம் வெயிலில் சூடேறி ஆவியாயிற்று. காற்று அதனைக் குடியிருப்புகளுக்குக் கொண்டு சேர்த்தது. இரண்டாம் முறை பலர் பாதிக்கப்பட்டதற்கு அதுவே காரணமாயிற்று. இவ்வுண்மையை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் வெப்ப அட்டை வைத்திருந்த மாணவியும் காற்று அட்டை வைத்திருந்த மாணவனும் தம் செய்திகளை அருகருகே வைத்துத் தாமே அதனைக் கண்டார்களானால், அந்த அறிவு அவர்களை விட்டு நீங்காது.

பெற்றோர் ஆற்ற வேண்டிய பங்கு

பெற்றோர்களே! பிள்ளை திரையின் முன் அமர்ந்திருப்பதைக் கண்டதும், "எந்நேரமும் விளையாட்டா?" என்று கடிந்துகொள்வதற்கு முன், "இன்று யாரோடு சேர்ந்து வேலை செய்தாய்? உனக்கு என்ன வேலை? என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளை விளக்கமாகச் சொன்னால் அது கல்வி. விழித்தால் அது விளையாட்டு. இதனை அறிய உங்களுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. பள்ளி வழங்கிய கணக்கின் வழியாகவே பிள்ளைகள் நுழையட்டும். கடவுச்சொல்லைத் தோழர்களுக்கும் சொல்லலாகாது. ஆசிரியர் அமைக்காத களத்தில், முன்பின் அறியாதவர் பெயரும் வீட்டு முகவரியும் கேட்டால் உடனே பெரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஒரே திறன்பேசிதான் இருக்கிறதென்றால், எந்தப் பிள்ளைக்கு எந்நேரம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அச்செய்தியை ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். உங்கள் வீட்டு நிலையை அவர் அறிந்தால் அதற்கேற்ப வேலையை வகுப்பார். அறியாவிட்டால் பிள்ளை சோம்பேறி என்று எண்ணக்கூடும். வறுமையைச் சொல்வதில் இழிவில்லை. பிள்ளையின் படிப்பு நின்றுபோவதே இழப்பு.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் மூன்று செய்திகளைக் கேட்டறியலாம். பள்ளியில் இயங்கும் நிலையிலுள்ள கணினிகள் எத்தனை? வகுப்பறை வரை இணையம் எட்டுகிறதா? எத்தனை பிள்ளைகளின் வீட்டில் கருவி இல்லை? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், எங்கே உதவி தேவை என்பது தானே விளங்கும். பழைய மாணவர் சங்கத்தையும் அருகிலுள்ள நிறுவனங்களையும் அணுகும்போதும், கணக்கோடு கேட்பவருக்கே உதவி விரைந்து கிட்டும்.

முடிவாக ஒன்று கூற விரும்புகிறோம். ஆறும் காற்றும் வேலியறியா. ஒரு கரையில் ஒருவர் செய்த தீங்கு மறு கரையில் பள்ளியில் அமர்ந்திருந்த பிள்ளையைத் தாக்கியது. அத்தகைய உலகில் வாழப்போகும் நம் பிள்ளைகளுக்கு, தனியே மனப்பாடம் செய்யும் திறன் மட்டும் போதாது. பிறர் கண்டதைக் கேட்டு, தாம் கண்டதைத் தெளிவாகச் சொல்லி, இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை வளர்க்குமானால், அது மெய்நிகர்க் குளமானாலும் காகித அட்டையானாலும் நமக்கு வேண்டியதே. அடுத்த முறை ஆற்று நீரில் ஏதோ மாறுபாடு தெரியும்போது, அதனை முதலில் கவனித்து ஆசிரியரிடம் ஓடி வந்து சொல்லும் பிள்ளை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையாக இருக்கட்டும்.